ஒரு புள்ளி வெளியே

அந்த ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்காதீங்கம்மா. நானும் பஸ் திருமங்கலம் தாண்டினதுலேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன், நாலு தடவை கவர்லேர்ந்து எடுத்துட்டீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு அடுத்தவங்க பேப்பரை எட்டிப் பாக்கக் கூடாதுதான். கண்ணு தானாப் போயிடுச்சு. பதினொரு வருஷம் அதே வேலை பாத்த கண்ணு.

யாருக்கு, மாமியாருக்கா? எழுபத்திரெண்டு வயசா? அப்ப இந்த அளவு பரவாயில்லைம்மா. இடது பக்கம் ரெண்டு புள்ளி ஏழு, வலது பக்கம் ரெண்டு புள்ளி ஒன்பது. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லை. ஆனா என் பேச்சை நம்பாதீங்க. டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க. நான் சொன்னதை நம்பித்தான் ஒருத்தி கெட்டா.

அந்த நம்பர் எப்படி வருதுன்னு தெரியுமா? காதுக்கு நேரா உள்ளாற, ரெண்டு பக்கமும், சுண்டுவிரல்ல பாதி இருக்கும், ஒரு சின்னப் பகுதி. ஹிப்போகேம்பஸ்னு பேரு. இன்னைக்கு நடக்கிறதை நாளைக்கு ஞாபகத்துல வைக்கணும்னா அது வேணும். மறதி நோய் வர்றவங்களுக்கு அது வேகமாச் சுருங்கும். இப்ப பல இடத்துல கம்ப்யூட்டரே அளந்து போட்டுடுது. நாங்க கையால அளந்தோம். எம்.ஆர்.ஐ. படத்துல தலையை ரொட்டித் துண்டு மாதிரி மெல்லிசு மெல்லிசாக் காட்டும். ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் முப்பத்தஞ்சு நாப்பது துண்டுல வரும். ஒவ்வொரு துண்டுலயும் மவுசைப் பிடிச்சு அதோட ஓரத்தைச் சுத்திக் கோடு போடணும். எல்லாத்தையும் கூட்டினா கன அளவு, இத்தனை மில்லின்னு.

சொல்றதுக்கு அவ்வளவுதான். ஆனா ஓரம் எங்கேன்னு யார் சொல்றது? சாம்பல் நிறத்துக்குள்ள சாம்பல் நிறம். கோட்டை ஒரு புள்ளி உள்ளே தள்ளினா நோயாளி. ஒரு புள்ளி வெளியே தள்ளினா ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம். அவ்வளவு சின்ன விஷயம் அது. அதனாலதான் கை சுத்தமா இருக்கணும்பாங்க. எனக்குக் கை சுத்தம். எங்களுக்கு மேல இருந்த அருணகிரி டாக்டரே சொல்வார், நஸ்ரின் கிட்ட, ஜெயக்கனி மேடம் கோட்டைப் பாத்துக் கத்துக்கோன்னு. ஜெயக்கனி நான்தான். நஸ்ரின் எங்க செக்‌ஷன்ல இன்னொரு பொண்ணு. நாங்க ரெண்டு பேரும்தான். மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். அங்கே மறதியைப் பத்தி ஒரு ஆராய்ச்சி. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கிறவங்களை வருஷா வருஷம் கூப்பிட்டு ஸ்கேன் எடுப்பாங்க, ஞாபகத்துக்கு டெஸ்ட் வைப்பாங்க.

எங்க வீட்டுல என்னைப் பாத்துக் கத்துக்கணும்னு யாரும் சொன்னதில்லைம்மா. அதனாலதான் இதைச் சொல்றேன். பெருமைக்கு இல்லை.

எனக்கு ஒரு அக்கா. தங்கபுஷ்பம். என்னைவிட எட்டு வயசு மூப்பு. கல்யாணம் பண்ணிக்கலை. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்க ஊர்ல பொம்பளைப் பிள்ளைங்க ஹைஸ்கூல் ஒண்ணு இருக்கு, கமிட்டி நடத்துறது. அங்கே கணக்கு டீச்சராச் சேந்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஆச்சு. புஷ்பம் டீச்சர்னா நாலு ஊருக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முந்திப் படிச்ச பிள்ளை தெருவுல எதிர்ல வந்தா, பேரைச் சொல்லும், அப்பா பேரைச் சொல்லும், அரைப்பரீட்சையில கணக்குல எவ்வளவு வாங்கினான்னும் சொல்லும். அப்படி ஒரு தலை.

நான் பத்தாவதுல கணக்குல போயிட்டேன். அக்கா அப்பத்தான் வேலைக்குச் சேந்த புதுசு. எனக்குச் சொல்லிக்குடுக்க உக்காரும். பத்து நிமிஷத்துல நோட்டை மூடிடும். "இவளுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதும்மா"ன்னு அடுப்படியைப் பாத்துச் சொல்லும். அடிக்கலை, திட்டலை. சாதாரணமாச் சொல்லும், மழை வரலைன்னு சொல்ற மாதிரி. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடியும் சொல்லுச்சு. சிரிச்சுக்கிட்டேதான். என் வீட்டுக்காரர் இன்னைக்கும் விளையாட்டுக்கு அதைச் சொல்வார். பயாலஜி ரெக்கார்டுல நான் படம் வரைஞ்சா பள்ளிக்கூடமே வாங்கிப் பாக்கும். அதை யாரும் வீட்டுல கணக்குல எடுத்துக்கலை. அந்தக் கைதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக்குடுத்துச்சு.

எங்கக்கா கெட்டது இல்லை. நீங்க அப்படி நினைச்சுடக் கூடாது. என் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டு வந்து பாத்துச்சு. எல்லாத்தையும் செய்யும். செஞ்சுட்டு, "நீ எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ"ன்னு கேட்டுட்டுப் போகும். அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் அக்கா போன் பண்ணுச்சு. மத்தியானம், நான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்.

"ஜெயா, உங்க ஆஸ்பத்திரியில மூளையை அளக்கிறாங்கன்னு சொன்னியே. என்னோடதையும் அளக்கச் சொல்றியா?"

எதுக்குக்கான்னு கேட்டேன். சொல்லுச்சு. காலையில அசெம்பிளியில ஒரு பிள்ளையைக் கூப்பிடணும், பேரு வரலை. ஆறாவதுலேர்ந்து தெரிஞ்ச பிள்ளை. போன வாரம் பேங்குக்குப் போன இடத்துல எதுக்கு வந்தோம்னு தெரியாம பெஞ்சுல உக்காந்துட்டு வந்துச்சாம். "வயசாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியலைடி. ஏதோ சரியில்லை"ன்னு சொல்லுச்சு.

என் வயசுக்கு அக்கா என்கிட்ட ஒண்ணைக் கேட்டது அதுதான் மொதத் தடவை.

ஆராய்ச்சியில சேத்துவிட்டேன். டெஸ்ட்டுல அக்கா நல்லாப் பண்ணிடுச்சு. பண்ணாம இருக்குமா? டீச்சராச்சே. நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னா கடகடன்னு கழிச்சிருக்கு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு டெஸ்ட்டுல சீக்கிரம் தெரியாதும்மா, மூளை எப்படியோ ஈடுகட்டிக்கும். ஸ்கேன்லதான் தெரியணும். இதை டாக்டர் எனக்குப் பின்னாடி சொன்னார்.

எங்களுக்கு வர்ற படத்துல பேரு இருக்காது. நம்பர் மட்டும்தான். யாரோடதுன்னு தெரிஞ்சா கை ஒரு பக்கம் சாயும்னு அந்த ஏற்பாடு. தெரிஞ்சவங்க படம்னு சந்தேகம் வந்தாலே டாக்டர்கிட்ட சொல்லி அடுத்தவங்ககிட்ட குடுத்துடணும். அது சட்டம். கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்குச் சேந்தோம்.

மூணு நாள் கழிச்சு ஒரு படம் வந்துச்சு. பக்கவாட்டுல திருப்பிப் பாத்தா மூஞ்சியோட வடிவம் தெரியும், மூக்கு, தாடை எல்லாம். எங்கப்பா மூக்கு. நடுவுல ஒரு மேடு, நுனியில கீழே வளையும். எங்க குடும்பத்துல அது அக்காவுக்கு மட்டும்தான் வந்துச்சு.

எந்திரிச்சு டாக்டர் ரூமுக்குப் போயிருக்கணும். எந்திரிக்கலை. கோடு போட்டேன்.

அன்னைக்கு என் கை நல்லா ஓடுச்சு. ரெண்டு மணி நேரத்துல ரெண்டு பக்கமும் முடிச்சேன். கூட்டிப் பாத்தா இடது ரெண்டு, வலது ரெண்டு புள்ளி ஒண்ணு. அக்காவுக்கு அப்ப அம்பத்தேழு வயசு. அந்த வயசுக்கு அது ரொம்பக் குறைச்சல்.

பாசம்மா. கூடப் பிறந்தவ. அதைப் பாத்துட்டு எனக்குத் தாங்கலை. மறுபடி மொதல் துண்டுலேர்ந்து ஆரம்பிச்சேன். இங்கே கொஞ்சம் விட்டுட்டோமோ, இந்த ஓரம் இன்னும் வெளியே இருக்குமோன்னு, ஒரு புள்ளி, ஒரு புள்ளியாத் தள்ளிக்கிட்டே வந்தேன். எல்லாத் துண்டுலயும். முடிச்சுப் பாத்தா ரெண்டு புள்ளி எட்டு. வலது ரெண்டு புள்ளி ஒன்பது. அதை அனுப்பிட்டேன்.

டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார், "டெஸ்ட்ல பிரமாதமாப் பண்ணியிருக்கீங்க. அளவும் வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கு. வேலை டென்ஷனா இருக்கும். நல்லாத் தூங்குங்க."

வெளியே வந்து கேன்டீன்ல காபி வாங்கிக் குடுத்தேன். அக்கா டம்ளரைத் தொடவே இல்லை. என்னையே பாத்துச்சு.

"நீ பாத்தியா ஜெயா? உன் கண்ணால?"

"பாத்தேன்க்கா. நான்தான் அளந்தேன்."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"சரி. நீ சொன்னா சரி"ன்னுட்டு காபியைக் குடிச்சுச்சு.

நீ சொன்னா சரி. நாப்பத்தொன்பது வயசு வரைக்கும் நான் அந்த வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன் போல. பஸ் ஏத்தி விட்டுட்டு வீட்டுக்கு வந்து மீன் வாங்கிச் சமைச்சேன். என் வீட்டுக்காரர் கூட என்ன விசேஷம்னு கேட்டார்.

இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்கம்மா, வெயில் அடிக்குது உங்க மேல.

அடுத்த மார்ச்சுல பத்தாவதுப் பரீட்சை வந்துச்சு. ஹால் டிக்கெட் எல்லாம் எடுத்து, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டதான் இருக்கும். குடுக்கிற அன்னைக்குப் பாத்தா பி செக்‌ஷன்ல பதினாலு பிள்ளைகளோடது இல்லை. அக்கா, கிரேஸ் டீச்சர்கிட்ட முந்தின நாளே குடுத்தாச்சுன்னு சொல்லுச்சு. கிரேஸ் டீச்சர் அந்த வகுப்பு டீச்சர். என்கிட்ட வரவே இல்லைன்னு அவங்க சொன்னாங்க. பெத்தவங்க எல்லாம் நிக்கிறாங்க. அத்தனை பேர் முன்னாடி அக்கா சொல்லியிருக்கு, "நான் இவங்க கையில குடுத்தேன். இவங்கதான் தொலைச்சுட்டு இப்ப இல்லேங்கிறாங்க." அந்தம்மா அங்கேயே உக்காந்து அழுதுடுச்சாம்.

பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலை. திரும்ப எடுத்துக் குடுத்துட்டாங்க, எல்லாரும் பரீட்சை எழுதிட்டாங்க. ஆனா நாலு நாள் கழிச்சு அக்கா வீட்டு பீரோவுல, சேலை அடுக்குக்கு நடுவுல அந்தப் பதினாலும் இருந்துச்சு. வீட்டு வேலைக்கு வர்ற பொம்பளை எடுத்துக் காட்டியிருக்கு. அக்காவே அதைக் கொண்டுபோய்க் கமிட்டியில குடுத்துச்சு. மறைச்சிருக்கலாம். மறைக்கலை. "என் பீரோவுல இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை"ன்னு சொல்லுச்சு.

யார் நம்புவா? அந்த வருஷம்தான் அக்காவுக்கும் கிரேஸ் டீச்சருக்கும் ஸ்பெஷல் கிளாஸ் விஷயத்துல மனஸ்தாபம். அந்தம்மாவை மாட்டிவிடுறதுக்கு ஒளிச்சு வச்சிருக்குன்னு பேச்சாயிடுச்சு. கமிட்டி கூப்பிட்டாங்க. துணைக்கு நான் போனேன்.

செக்ரட்டரி தனுஷ்கோடி அண்ணாச்சி. நல்ல மனுஷன். அக்காகிட்ட அவர் பொண்ணு படிச்சிருக்கு. அவருக்கு அக்காவை எப்படியாவது காப்பாத்தணும்னுதான் இருந்துச்சு. மெதுவாக் கேட்டார்.

"டீச்சர், உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது... மறதி கிறதி... டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அக்கா நிமிந்து உக்காந்துச்சு. "காட்டினேன் அண்ணாச்சி. எனக்கே சந்தேகமா இருந்துச்சு, அதான் போன வருஷமே மதுரையில போய் மூளையை அளந்து பாத்தோம். எல்லாம் சரியா இருக்கு. என் தங்கச்சிதான் அளந்தா. இதோ உக்காந்திருக்கா, கேட்டுக்குங்க."

அண்ணாச்சி என்னைப் பாத்தார். கிரேஸ் டீச்சர் என்னைப் பாத்தாங்க. அக்கா மட்டும் பாக்கலை, அதுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை.

நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு.

அப்ப மறதி இல்லைன்னா பொய்தானேம்மா? வேற என்ன இருக்கு? கமிட்டியில கிரேஸ் டீச்சர்கிட்ட மன்னிப்பு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. அக்கா எழுதிக் குடுத்துச்சு. குடுத்துட்டு வேலையையும் எழுதிக் குடுத்துட்டு வந்துடுச்சு. முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். வழியனுப்பு விழா ஒண்ணும் இல்லை. ஒரு பையில டப்பர்வேர் டப்பாவும் குடையும் போட்டுக்கிட்டு வந்துச்சு, நான்தான் கூட்டிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல அக்கா கேட்டுச்சு, "ஏண்டி, நான் அப்படி செய்யக்கூடியவளா? எனக்கே தெரியாம எனக்குள்ள அப்படி ஒரு கெட்ட புத்தி இருக்கா?" விடுக்கா, விடுக்கான்னேன்.

ஆமா. அப்பவே சொல்லியிருக்கலாம். நீங்க கேக்கலைன்னாலும் உங்க மூஞ்சி கேக்குது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, மொதல்லயே தெரிஞ்சிருந்தாலும் அந்த நோயைத் தடுக்கிற மருந்து எங்ககிட்ட இல்லை. டாக்டரே சொன்னார். இதை நான் எல்லாத்துக்கும் முன்னாடி எனக்குச் சொல்லிக்குவேன்.

ரெண்டாவது வருஷ ஸ்கேனுக்கு அக்கா வந்துச்சு. இந்தத் தடவை படம் வந்ததும், எனக்குக் கண்ணு வலிக்குது நீ போடுன்னு நஸ்ரின்கிட்ட தள்ளிட்டேன். அவ போட்டா. இடது ஒண்ணு புள்ளி ஒன்பது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வருஷத்துல மூணுல ஒரு பங்கு குறையாது மேடம். நஸ்ரின் தப்பாப் போட்டிருக்காளா, பாருங்க."

நஸ்ரின் பக்கத்துல நிக்குது. இருபத்தாறு வயசுப் பொண்ணு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், பழி அது மேல போயிருக்கும். சொல்லலை. அந்த ஒரு இடத்துல மட்டும் கடவுள் என்னைக் காப்பாத்தினார். இல்லை, சொல்றதுக்குள்ள டாக்டரே பழைய கோட்டைத் திறந்துட்டார். எது மொதல்லன்னு இப்ப எனக்குச் சரியா ஞாபகம் இல்லை.

அந்த சாஃப்ட்வேர்ல எதுவும் அழியாதும்மா. போட்ட கோடு, அழிச்ச கோடு, எத்தனை மணிக்குப் போட்டது, எல்லாம் இருக்கும். எனக்கே தெரியாது அது. நான் மொதல்ல போட்ட கோடு பச்சையா வந்துச்சு. அப்புறம் தள்ளித் தள்ளிப் போட்டது சிவப்பா, அதைச் சுத்தி. துண்டு துண்டா அவர் திருப்பிக்கிட்டே போனார். நாப்பது துண்டு.

"மொதல்ல சரியாத்தானே போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன்?"

எங்கக்கா சார்னு சொன்னேன். பாசத்துல பண்ணிட்டேன்னு அழுதேன். அவர் நஸ்ரினை வெளியே போகச் சொல்லிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தார். மருந்து இல்லைதான்னு சொன்னார். ஆனா ஆறு மாசத்துல மறுபடி கூப்பிட்டிருப்பேன், வேலையைக் குறைக்கச் சொல்லியிருப்பேன், ஒரு லெட்டர் குடுத்திருப்பேன்னார். அந்த ஒரு லெட்டர் அன்னைக்குக் கமிட்டி மேஜையில இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நான் நினைச்சுப் பாத்தேன்.

என்னை அளக்கிற வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க. நான் போட்ட படம் முன்னூத்தம்பதையும் நஸ்ரின் திரும்பப் போட்டா. ஒண்ணுலயும் தப்பு இல்லை. அக்காவோடது மட்டும்தான்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. டாக்டர்கிட்ட சொன்னது, கொஞ்ச நேரம் முன்னாடி உங்ககிட்ட சொன்னது, பாசம்னு, அது முழுசும் இல்லை.

அந்த மொதல் நம்பர் வந்துச்சே, ரெண்டுன்னு. அதைப் பாத்த உடனே எனக்கு வந்தது அழுகை இல்லை. சந்தோஷம். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனா வந்துச்சு. இந்த மண்டையிலதான் எல்லாம் ஏறுச்சு, இப்ப பாரு எவ்வளவு இருக்குன்னு. நான் வாய்விட்டுச் சொல்லலை. ஆனா சிரிச்சிருக்கேன், இருட்டுத் திரையில என் மூஞ்சி தெரிஞ்சுச்சு. அதைப் பாத்துட்டு எனக்கே பயம் வந்துடுச்சு. இவ்வளவு கெட்ட எண்ணத்தோட போட்ட கோடு சரியா இருக்குமா, என் பொறாமைதான் கையைப் பிடிச்சு உள்ளே தள்ளிடுச்சோன்னு நினைச்சேன். அதுக்குப் பரிகாரமாத்தான் வெளியே தள்ளினேன். நியாயம் பண்றதா நினைச்சுக்கிட்டு. கை சரியாத்தான் போட்டிருந்துச்சு. மனசுதான் அழுக்கு. நான் கையைத் திருத்திட்டேன்.

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர்கிட்டகூட.

அக்காகிட்ட சொன்னேன். சந்தோஷத்தைச் சொல்லலை. கோட்டைத் தள்ளினதைச் சொன்னேன். டாக்டர், நீங்களே சொல்லுங்க, ரெண்டு வாரம் டைம் தர்றேன், இல்லைன்னா நான் சொல்வேன்னுட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். அக்கா வாசல்ல உக்காந்து பழைய கணக்குப் புஸ்தகத்துல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு, மறக்காம இருக்கணும்னு. பக்கத்துல உக்காந்து சொல்லி முடிச்சேன்.

பென்சிலை உள்ளே வச்சுப் புஸ்தகத்தை மூடுச்சு.

"அப்ப நான் பொய் சொல்லலை" அப்படின்னுச்சு.

"இல்லைக்கா."

"ஒளிச்சு வைக்கலை."

"இல்லைக்கா. அது நோய்."

"இத்தனை மாசமா ஜெயா, இத்தனை மாசமா நான் ராத்திரி படுத்து யோசிக்கிறேன். நான் எப்ப இவ்வளவு கெட்டவளானேன்னு. மறதி வந்துச்சுன்னா வந்துட்டுப் போகுதுடி. நான் கெட்டவள்னு என்னையே நம்ப வச்சுட்டியே."

திட்டலை. அழவும் இல்லை. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "கமிட்டிக்குப் போ. உன் வாயால சொல்லு. நோயின்னும் சொல்லு, உனக்குத் தெரியும்னும் சொல்லு. அன்னைக்கு நீ தலையை ஆட்டினதைச் சொல்லு. கிரேஸ் இருக்கும்போது சொல்லு."

போனேன். சத்தியமாப் போனேன். டாக்டர் லெட்டரை எடுத்துக்கிட்டுப் போனேன். அண்ணாச்சி லெட்டரைப் படிச்சார். படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டார். கிரேஸ் டீச்சரைக் கூப்பிட்டுக் குடுத்தார். அந்தம்மா படிச்சுட்டு, "ஐயோ, டீச்சர்"னு உக்காந்துட்டாங்க. "நாம என்ன பாவம் பண்ணிட்டோம்"னு அண்ணாச்சி சொன்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ எவ்வளவு கஷ்டப்பட்டியோம்மா, இதையெல்லாம் கண்ணால பாத்துக்கிட்டு"ன்னு சொன்னார்.

அந்த நேரத்துல எப்படிம்மா சொல்றது? நீங்களே சொல்லுங்க. நோயைச் சொல்லியாச்சு, அக்கா பேரு சுத்தமாயிடுச்சு. மீதி, எங்களுக்குள்ள இருக்கிறதுதானே? அளவு மொதல்ல சரியாத் தெரியலைன்னு மட்டும் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசல்லயே நிக்குது.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

என் தலையில கை வச்சுச்சு. சின்ன வயசுலகூட வச்சதில்லை.

போன மாசம் ஸ்கூல்ல விழா வச்சாங்க. விட்டுப்போன வழியனுப்பு விழாவை இப்பவாவது நடத்தணும்னு அண்ணாச்சியும் கிரேஸ் டீச்சரும் சேந்து ஏற்பாடு பண்ணினாங்க. அக்காவுக்கு இப்ப நோய் கூடிடுச்சு. நான்தான் வாரத்துல நாலு நாள் போய் இருக்கேன். எதுக்கும் என்னைத்தான் கேக்கும், குளிச்சுட்டேனா ஜெயா, சாப்பிட்டேனா ஜெயான்னு. நான் சொன்னாத்தான் நம்பும். மத்தவங்க சொன்னா நம்பாது. அன்னைக்கு நல்ல தெளிவு. பச்சைப் பட்டுச் சேலை கட்டிவிட்டேன். பழைய பிள்ளைங்க எல்லாம் வந்திருந்தாங்க. பந்தல் கொள்ளலை. பேசச் சொல்லி மைக்கைக் குடுத்தாங்க. வேண்டாம்னு நான் கண்ணைக் காட்டினேன். வாங்கிடுச்சு.

அழகாப் பேசுச்சும்மா. பேரு ரெண்டு மூணு விட்டுப்போச்சு, ஆனா பேசுச்சு. கிரேஸ் டீச்சரைப் பாத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுச்சு. அப்புறம் என் பக்கம் கையைக் காட்டுச்சு.

"இது என் தங்கச்சி. இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் ஆயுசு முழுக்கச் சொல்லிட்டேன். இவ பண்ணின தப்பை இவளே வந்து இந்தக் கமிட்டியில எல்லார் முன்னாடியும் சொன்னா. எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. பிள்ளைங்களா, கணக்கு யார் வேணும்னாலும் சொல்லிக்குடுப்பாங்க. இதை இவகிட்ட கத்துக்குங்க."

கை தட்டினாங்க. எதுக்குன்னு தெரியாமலே தட்டினாங்க. அண்ணாச்சி என் பக்கத்துச் சேர்ல. கை தட்டிக்கிட்டே என் பக்கம் குனிஞ்சு கேட்டார். "என்ன தப்பும்மா? டீச்சர் என்ன சொல்றாங்க?"

கிரேஸ் டீச்சரும் திரும்பிப் பாத்தாங்க. அக்கா மைக்கைக் குடுத்துட்டு எங்க பக்கம் வந்துக்கிட்டு இருக்கு. நாலடி தூரம்கூட இல்லை.

நான் சொன்னேன், "அக்காவுக்கு இப்ப அடிக்கடி குழம்பிடுது அண்ணாச்சி. நடக்காததெல்லாம் நடந்த மாதிரி பேசுது."

"பாவம்"னார் அவர். எந்திரிச்சு அக்காவைக் கையைப் பிடிச்சு உக்கார வச்சார். கிரேஸ் டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அக்கா காதுல விழுந்துச்சா விழலையான்னு எனக்குத் தெரியலை. நல்லாத்தான் சாப்பிட்டுச்சு. பாயசம் ரெண்டாம் தடவை வாங்குச்சு. ஆட்டோவுல வரும்போது மாலையை மடியில வச்சுக்கிட்டு வெளியே பாத்துக்கிட்டே இருந்துச்சு. எங்க தெரு திரும்புற இடத்துல என் பக்கம் திரும்பி மெதுவாச் சொல்லுச்சு.

"நீ சொல்லிட்டேன்னு நினைச்சுட்டேன்டி. நீ சொல்லவே இல்லை போல. எனக்குத்தான் குழம்பிடுச்சு. எல்லார் முன்னாடியும் உன்னை வெக்கப்பட வச்சுட்டேன். மனசுல வச்சுக்காதே."

நான் பரவாயில்லைக்கான்னு சொன்னேன்.